ரயில் பாதை, மெட்ரோ பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில் பாதைப் பராமரிப்பில் பல வருஷம் இருந்தவன் நான். பந்தியில் பக்கத்து இலைக்காரர் முதல் பேரனின் பள்ளித் தோழர்கள் வரை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எஞ்சினையும் பெட்டியையும் எல்லோரும் பார்க்கிறார்கள். அவற்றைத் தாங்கும் பாதையைப் பற்றிக் கேட்க ஆள் கிடைத்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. பதில்களில் சில நீளமாக இருந்தால் அதுதான் காரணம்.

முன்பெல்லாம் ரயிலில் ‘தடக் தடக்’ என்று கேட்குமே, இப்போது ஏன் கேட்பதில்லை?

அந்தச் சத்தம் ஜாயிண்ட்டில் பிறந்தது. 13 மீட்டர் நீளத் தண்டவாளங்களை நடுவே சிறு இடைவெளி விட்டு, இருபுறமும் ஃபிஷ் பிளேட் வைத்து போல்ட் போட்டு இணைப்பார்கள். ஒவ்வொரு சக்கரமும் அந்த இடைவெளியில் இறங்கி ஏறும்போது ஒரு ‘தடக்’. 47 வினாடியில் எத்தனை ‘தடக்’ என்று எண்ணினால், அதுதான் ஏறக்குறைய ரயிலின் வேகம், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று. சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் எண்ணியது உண்டு.

இப்போது தண்டவாளங்களை வெல்டிங் செய்து கிலோமீட்டர் கணக்கில் ஒரே நீளமாக்கிவிடுகிறோம். பிலாய் உருக்காலையில் இருந்து 260 மீட்டர் நீளத்தில் வெல்டிங் செய்த துண்டுகளாகவே தனி ரயிலில் வந்து இறங்கும். அவற்றைப் பாதையிலேயே தெர்மிட் வெல்டிங்கில் சேர்ப்பார்கள். அலுமினியப் பொடியும் இரும்பு ஆக்சைடும் கலந்த கலவைக்குத் தீ வைத்தால், சுமார் 2,500 டிகிரி வெப்பத்தில் உருகிய இரும்பு அச்சுக்குள் இறங்கி இரண்டு முனைகளையும் ஒட்டிவிடும். ஜாயிண்ட் போனதும் சத்தம் போயிற்று. அதைவிட முக்கியம், தண்டவாள முனைகள் அடிபட்டு நசுங்குவதும் நின்றது. பாதை வேலையில் பாதிக்கு மேல் ஜாயிண்ட்டைச் சுற்றியே நடந்த காலம் ஒன்று இருந்தது.

இடைவெளியே இல்லாவிட்டால் வெயிலில் தண்டவாளம் விரிந்து நெளிந்துவிடாதா? வெயிலில் இரும்பு விரியும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

படித்தது சரிதான். ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தைத் தடையில்லாமல் கிடக்கவிட்டு 30 டிகிரி சூடேற்றினால் சுமார் 34 சென்டிமீட்டர் நீளும். ஆனால் பாதையில் கிடக்கும் தண்டவாளம் தடையில்லாமல் கிடப்பதில்லை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காகக் கிடக்கும் கட்டைதான் ஸ்லீப்பர். கிளிப் அதோடு தண்டவாளத்தை இறுக்கியிருக்கிறது, ஸ்லீப்பரை ஜல்லி இறுக்கிப் பிடித்திருக்கிறது. நீள வேண்டும் என்று துடிக்கும் இரும்பை நீளவிடாமல் பிடித்து வைத்தால், அந்த நீளம் முழுக்க உள்ளே அழுத்தமாக மாறிவிடும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 1.9 டன். 25 டிகிரி ஏறினால் ஒரு தண்டவாளத்துக்குள் 47 டன்னுக்கு மேல். இரண்டு தண்டவாளத்துக்கும் சேர்த்தால் 95 டன். நீங்கள் நடைமேடையில் நின்று பார்க்கும்போது அசையாமல் கிடக்கும் அதே தண்டவாளத்துக்குள்தான் இவ்வளவும் இருக்கிறது.

இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. தண்டவாளத்துக்கு ‘அழுத்தமும் இல்லை, இழுப்பும் இல்லை’ என்று ஒரு வெப்பநிலையை நாமே முடிவு செய்துகொள்கிறோம். அந்த ஊரில் தண்டவாளம் வருஷத்தில் தொடும் உச்ச வெப்பத்துக்கும் குறைந்த வெப்பத்துக்கும் நடுவில், கொஞ்சம் மேல்பக்கமாக அதை வைப்போம். அந்த வெப்பநிலைக்கு மேலே போனால் அழுத்தம், கீழே போனால் இழுப்பு. இரண்டு பக்கமும் தாங்கக்கூடிய அளவுக்குள் நிற்கும்.

இந்த வேலைக்கு டீஸ்ட்ரெஸ்ஸிங் என்று பெயர். விடியற்காலை பிளாக் வாங்கி, அதாவது அந்தப் பாதையில் ரயில்களை நிறுத்தி வைத்து, தண்டவாளத்தை ஓரிடத்தில் வெட்டுவோம். கிளிப்புகளை வரிசையாகக் கழற்றித் தண்டவாளத்தைத் தூக்கி உருளைகள் மேல் வைப்போம். பிறகு மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போவார்கள். அதுவரை அடங்கிக் கிடந்த இரும்பு மெல்ல நகரத் தொடங்கும். ஸ்லீப்பர் மேல் சாக்பீஸால் போட்ட கோட்டைத் தாண்டித் தண்டவாளத்தின் அடிப்பாகம் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் போவதைக் குனிந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை. தண்டவாளத்தின் வெப்பநிலை நாம் வைத்த அளவுக்குக் கீழே இருந்தால் ஹைட்ராலிக் கருவியால் இழுத்துப் பிடித்து, கணக்கிட்ட இடைவெளி வந்ததும் வெல்டிங் போட்டு, கிளிப் மாட்டிவிட வேண்டும். பிளாக் முடிவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

நீளமான தண்டவாளத்தின் இரு முனைகளிலும் சுமார் 100 மீட்டர் மட்டும் கொஞ்சம் நீண்டு சுருங்கும். அதற்காக அங்கே விரிவு ஜாயிண்ட் வைத்திருப்போம். நடுப்பகுதி நகராது.

அப்படியென்றால் பாதை நெளிந்தது என்று செய்தி வருகிறதே, அது எப்படி?

பெரும்பாலும் ஜல்லியில் கைவைத்ததால். ஒரு மே மாத நண்பகலில் கேபிள் புதைக்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆட்கள், யாரிடமும் சொல்லாமல் பாதையோர ஜல்லியைச் சரித்துக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் தண்டவாளம் மூன்று விரல் அளவு பக்கவாட்டில் தள்ளிவிட்டது. குனிந்து தண்டவாளத்தின் நேர்கோட்டில் பார்த்தால் பாம்பு வளைந்தது போலத் தெரிந்தது. எங்கள் டிராக்மேன் முன்னதாகவே பார்த்துச் சிவப்புக் கொடியோடு ஓடியிருந்தார். அடுத்த ரயில் வெளியே நின்றது. 95 டன்னையும் பிடித்து நிறுத்துவது ஸ்லீப்பர் ஓரத்தில் குவிந்திருக்கும் அந்த ஜல்லிதான் என்பதை அன்றைக்குப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதனால்தான் கோடைப் பகலில் ஜல்லியைக் கிளறும் வேலை செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. நாம் வைத்த வெப்பநிலையைவிடத் தண்டவாளம் 20 டிகிரி அதிகம் சூடாகிவிட்டால், பாதையில் ரோந்துக்கு ஆள் இறங்கிவிடுவார். காற்றில் 40 டிகிரி என்றால் தண்டவாளத்தில் 60 வரை போகும்.

ஜல்லியை ஏன் இத்தனை கூராக, ஒழுங்கில்லாமல் போடுகிறார்கள்? நடக்கவே முடியவில்லையே?

கூராக இருப்பதுதான் அதன் பலம். கூழாங்கல்லைப் போட்டால் உருண்டு நழுவும். உடைத்த கருங்கல் ஜல்லி ஒன்றோடொன்று பற்களைப் போலக் கோத்துக்கொள்ளும். 20 முதல் 65 மில்லிமீட்டர் அளவுக்குள் கலந்து இருக்க வேண்டும். ஸ்லீப்பருக்குக் கீழே 30 சென்டிமீட்டரை ஒட்டிய கனம். சக்கரத்தின் எடையைப் பரப்பி மண்ணுக்குக் கொடுப்பது, மழைநீரை வடிய விடுவது, ஸ்லீப்பரை நகராமல் பிடிப்பது என்று மூன்று வேலையும் அதற்கு உண்டு. நான்காவதாக ஒன்றும் உண்டு: தாழ்ந்தால் தூக்கிச் சரிசெய்ய இடம் கொடுப்பது. மண் அமுங்கிப் பாதை ஓரிடத்தில் தாழ்ந்துவிட்டால், டேம்பிங் மெஷின் வந்து தண்டவாளத்தைத் தூக்கிப் பிடித்து, இரும்பு விரல்களை ஜல்லிக்குள் இறக்கி, வினாடிக்கு 35 முறை அதிர்த்து ஸ்லீப்பருக்கு அடியில் கல்லை நெருக்கும். இரண்டு மணி நேர பிளாக் கிடைத்தால் தாழ்ந்த பாதை பழைய மட்டத்துக்கு வந்துவிடும்.

அடிபட்டு அடிபட்டுக் கல் தேயும், மண் சேரும், நீர் வடியாமல் சேறாகும். அப்போது ஜல்லியைத் தோண்டி, சலித்து, நல்லதை மட்டும் திரும்பப் போட வேறொரு மெஷின் வரும்.

மரக்கட்டை ஸ்லீப்பர்கள் எங்கே போயின?

கான்கிரீட் வந்தது. உள்ளே முறுக்கேற்றி இழுத்த கம்பிகளோடு வார்த்த ஸ்லீப்பர் ஒன்று சுமார் 270 கிலோ. அகலப்பாதையில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று, கிலோமீட்டருக்கு 1,660. மரம் உளுக்கும், ஆணி தளரும். எடை குறைவு என்பதால் வெல்டிங் செய்த நீளமான தண்டவாளத்தை அடக்கிப் பிடிக்க அதனால் முடியாது.

கான்கிரீட் வந்தபோது ஆணி அடிக்க வழியில்லை. அங்கேதான் சுருள் கிளிப் வந்தது. நார்வே ரயில்வே பொறியாளர் பேர் பாண்டே ரோல்ஃப்சென் யோசித்த வடிவம், அவர் பெயராலேயே பாண்ட்ரோல் ஆயிற்று. ஒரு கிளிப் கிட்டத்தட்ட ஒரு டன் அழுத்தத்தோடு தண்டவாளத்தைப் பிடிக்கிறது. அடியில் ரப்பர் பேட், பக்கத்தில் நைலான் லைனர். ஸ்லீப்பருக்கு நான்கு கிளிப். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள், 6,640.

மெட்ரோ பாதையில் ஜல்லியே இல்லையே, ஏன்?

சென்னை மெட்ரோவின் சுரங்கத்திலோ மேம்பாலத்திலோ நின்று குனிந்து பார்த்தால், தண்டவாளம் கான்கிரீட் மேடை மேல் நேராக உட்கார்ந்திருப்பது தெரியும். மூன்று காரணம் உண்டு, மூன்றும் பணத்தோடும் நேரத்தோடும் பிணைந்தவை.

முதலாவது எடை. ஒரு மீட்டர் நீளப் பாதைக்கு ஜல்லி மட்டும் சுமார் இரண்டு கனமீட்டர், மூன்று டன்னை ஒட்டி வரும். அதை மேம்பாலத்தின் மேல் ஏற்றினால் தூணும் அஸ்திவாரமும் பெருக்கும். சுரங்கத்தில் எடையை விட உயரம்தான் பிரச்சினை. ஜல்லிக்கு இடம் விட்டால் சுரங்கத்தின் விட்டம் கூடும், பூமிக்கு அடியில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் விலை உண்டு.

அடுத்தது பராமரிப்பு நேரம். நகரத்தில் காலை முதல் இரவு வரை சில நிமிஷத்துக்கு ஒரு ரயில். கடைசி ரயில் போய் முதல் ரயில் வரும் வரை இருக்கும் சில மணி நேரத்துக்குள் ஆள் இறங்கி, மின்சாரம் நிறுத்தி, வேலை முடித்து, பாதையை ஒப்படைக்க வேண்டும். டேம்பிங், ஜல்லி சலித்தல் எல்லாம் அதற்குள் அடங்காது. கான்கிரீட்டில் அந்த வேலைகளே கிடையாது.

மூன்றாவதாக, பாதை மட்டம் மாறாமல் இருந்தால் பெட்டிக்கும் நடைமேடைக்கும் உள்ள உயரமும் இடைவெளியும் மாறாது. சக்கர நாற்காலியில் வருபவர் யார் உதவியும் இல்லாமல் ஏற அது வேண்டும்.

ஆனால் கட்டும்போது ஒரு கண்டிப்பு உண்டு. முதலில் தண்டவாளத்தைச் சட்டங்களில் தொங்கவிட்டு, மட்டம், அகலம், சாய்வு எல்லாவற்றையும் மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் அடியில் கான்கிரீட் ஊற்றுவார்கள். மேலிருந்து கீழ்நோக்கிக் கட்டுவது என்று சொல்லலாம். கான்கிரீட் இறுகிய பின், தண்டவாளத்தைப் பிடிக்கும் ஃபாஸ்டனருக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துக் கொஞ்சம் திருத்தலாம், அவ்வளவுதான். ஜல்லிப் பாதை தப்பைப் பொறுக்கும். கான்கிரீட் பாதை பொறுக்காது.

மெட்ரோ டெப்போக்களின் திறந்தவெளித் தடங்களில் பொதுவாக ஜல்லிதான் இருக்கும். அங்கே வேகமும் இல்லை, அவசரமும் இல்லை.

பிறகு எல்லா ரயில் பாதையையும் கான்கிரீட் ஆக்கிவிடலாமே? அதிவேக ரயிலுக்குக் கான்கிரீட்தான் வேண்டும் என்கிறார்களே?

இதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. வேகத்துக்கும் கான்கிரீட்டுக்கும் போடும் முடிச்சு முழுக்கச் சரியில்லை. 1964 அக்டோபர் 1-இல் டோக்கியோ–ஒசாகா இடையே ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது ஜல்லிப் பாதையில்தான். 2007 ஏப்ரல் 3-இல் பிரான்ஸின் அதிவேக ரயிலான டி.ஜி.வி. மணிக்கு 574.8 கிலோமீட்டர் தொட்டதும் ஜல்லிப் பாதை மேல்தான். அப்படியிருந்தும் ஜப்பான், ஒசாகாவுக்கு மேற்கே அடுத்துப் போட்ட சான்யோ பாதை தொடங்கி, கான்கிரீட் பலகைப் பாதைக்கு மாறியது. காரணம் பராமரிப்பு: டோக்கியோ–ஒசாகா பாதையில் ராத்திரிதோறும் ஆட்கள் இறங்கி ஜல்லி திருத்தி மாளவில்லை. ஜெர்மனியிலும் 1972-இல் ரேடா என்ற நிலையத்தில் கான்கிரீட் பாதையைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த ஊர்ப் பெயரே அந்த முறைக்குப் பெயராக நின்றுவிட்டது. மும்பை–அகமதாபாத் அதிவேகப் பாதையில் ஜப்பானியப் பலகை முறை.

நம் பிரதான பாதை வேறு கதை. நூறு வருஷத்துக்கு மேல் மண் கரை மேல் போகிறது. ஏரிக்கரையோரம், களிமண் நிலம், வெள்ளம் அரிக்கும் இடம் எல்லாம் அதில் உண்டு. மண் தாழ்ந்தால் ஜல்லியைத் தூக்கிச் சரிசெய்யலாம். கான்கிரீட் பலகை தாழ்ந்தாலோ விரிசல் விட்டாலோ பாதையையே மூடிவிட்டு உடைக்க வேண்டும். வெள்ளம் அரித்த ஜல்லிப் பாதையைக் கல் கொட்டி, மண் மூட்டை அடுக்கி, சில நாளில் ரயில் விட்டதைப் பார்த்திருக்கிறேன். சுரங்கம், மேம்பாலம், பெரிய நிலையங்களின் நடைமேடைத் தடம் ஆகிய இடங்களில் கான்கிரீட்டும், மண் கரையில் ஜல்லியும் இருப்பதே நமக்குப் பொருந்தும் என்பேன்.

மெட்ரோ ரயிலைச் சென்னையின் பறக்கும் ரயில் பாதையில் ஓட்ட முடியுமா?

இப்போதிருக்கும் பாதையில் முடியாது. 1995-இல் தொடங்கிய பறக்கும் ரயில் அகலப்பாதை, இரு தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர். சென்னை மெட்ரோ 1,435. வித்தியாசம் 241 மில்லிமீட்டர், ஒரு சாண் சொச்சம். மேலே ஓடும் மின்சாரம் இரண்டுக்கும் 25,000 வோல்ட் என்றாலும் பெட்டியின் அகலமும் வேறு. மெட்ரோ பெட்டி 2.9 மீட்டர், புறநகர் மின்ரயில் பெட்டி 3.66 மீட்டர். பாதையை மாற்றினாலும் நடைமேடையில் பெரிய இடைவெளி விழும்.

டெல்லி மெட்ரோவின் முதல் பாதைகள் அகலப்பாதையாகவே வந்தன. பிறகு அங்கேயும் 1,435-க்கு மாறினார்கள். உலகச் சந்தையில் பெட்டி கிடைக்கும், குறுகிய வளைவில் திரும்பும். நம் அகலப்பாதையில் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. மெட்ரோவுக்கு 120 வரை போகலாம். கட்டடங்களுக்கு நடுவே சாலை மேலேயே போக வேண்டிய நகரத்தில் அந்த 55 மீட்டர் எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றும்.

இலங்கையிலும் நம்மைப் போலவே 1,676 அகலம். போரில் பெயர்த்தெடுக்கப்பட்ட வடக்குப் பாதையை இந்திய நிறுவனமான இர்கான் திரும்பப் போட்டு, 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து நின்றபோது, பாதைக்காரன் என்ற முறையில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

வளைவில் ரயில் ஏன் சாய்ந்து போகிறது?

வெளித் தண்டவாளத்தை உயர்த்தி வைத்திருப்பதால். 875 மீட்டர் ஆர வளைவில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய 157 மில்லிமீட்டர் உயரம் கணக்கு வரும். அதே வளைவில் 50-இல் வரும் சரக்கு ரயிலுக்கு 39 போதும். இருவருக்கும் ஒரே பாதை. அதனால் நடுவே ஓர் அளவு வைப்போம். வேக ரயிலில் நீங்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளப்படுவீர்கள், சரக்கு ரயில் உள் தண்டவாளத்தைத் தேய்க்கும். எல்லா ரயிலும் ஒரே வேகத்தில் போகும் மெட்ரோவில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே குறுகிய வளைவில் ‘கிரீச்’ என்ற சத்தமும் பக்கத் தேய்மானமும்தான் தொல்லை.

ரயில் நிலையத்துக்குள் நுழையும்போது பெட்டி ஏன் ஆடுகிறது?

காரணம் பாயிண்ட், அதாவது ரயில் தடம் மாறும் இடம். ஒரு தடம் இன்னொன்றை வெட்டும் இடத்தில் சக்கரத்தின் விளிம்பு கடக்க ஒரு வெட்டு விட்டாக வேண்டும். அந்த முனையில் ஒவ்வொரு சக்கரமும் அடிக்கும். அதற்காக அந்தத் துண்டை மாங்கனீஸ் உருக்கில் வார்ப்பார்கள். அடிபட அடிபடக் கெட்டிப்படும் உருக்கு அது.

தண்டவாளம் உடையுமா? முன்கூட்டியே தெரியுமா?

உடையும், குளிர்காலப் பின்னிரவில் அதிகம். சுருங்கும் இரும்பு இழுப்பில் இருக்கும், சிறு விரிசல் இருந்தால் அங்கே பிளக்கும். வெல்டிங் இருக்கும் இடங்களைத்தான் அதிகம் சந்தேகிப்போம். உள்ளே இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க மருத்துவமனை ஸ்கேன் மாதிரியே அல்ட்ராசோனிக் கருவியைத் தண்டவாளம் மேல் தள்ளிக்கொண்டு போவார்கள்.

2000 அக்டோபர் 17-இல் இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் வேக ரயில் ஒன்றின் கீழே தண்டவாளம் நொறுங்கியது. நான்கு பேர் இறந்தார்கள். சக்கரம் உரசும் மூலையில் நுண்விரிசல்கள் பரவியிருந்தன. பழுது முன்பே தெரிந்திருந்தும் மாற்றுவது தள்ளிப்போயிற்று. நாடு முழுவதும் வேகக் கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. பாதையை நிர்வகித்த ரெயில்டிராக் நிறுவனம் அடுத்த வருஷமே நிலைகுலைந்தது. மேற்பரப்பை மெல்லச் சீவி நுண்விரிசல் வளராமல் செய்யும் கிரைண்டிங் வேலையை உலகமே இன்னும் கவனமாகப் பார்க்க ஆரம்பித்ததில் அந்த விபத்துக்குப் பங்கு உண்டு.

எங்கள் வீட்டுக்கு அடியில் மெட்ரோ சுரங்கம் போகிறது. அதிர்வு வருமா?

தண்டவாளத்துக்கு அடியில் மென்மையான ரப்பர் பேட் வைப்பது முதல் படி. மருத்துவமனை, பழைய கட்டடம் போன்ற இடங்களுக்குப் பாதைப் பலகை முழுவதையும் ரப்பர் அல்லது சுருள் வில் மேல் மிதக்கவிடும் முறை உண்டு. முன்பு வராத அதிர்வு திடீரென்று வந்தால், தண்டவாளத்தின் மேற்பரப்பில் அலை அலையாகத் தேய்மானம் விழுந்திருக்கலாம். நிர்வாகத்துக்கு எழுதுங்கள், கிரைண்டிங் செய்தால் குறையும்.

இத்தனை மெஷின் வந்த பிறகும் ஆள் ஏன் தினமும் பாதையில் நடக்கிறார்?

அவர் கீமேன். ஐந்தாறு கிலோமீட்டர் அவர் பொறுப்பு. போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது. தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் கொடி, பையில் வெடிக்கும் எச்சரிக்கை வில்லைகள். கிளிப் மேல் ஒரு தட்டு தட்டுவார். இறுக்கமானது ‘ணங்’ என்று சொல்லும், தளர்ந்தது மொட்டையாகச் சத்தம் போடும். கடலோரப் பாதையில் உப்புக் காற்றில் கிளிப் துருவேறி இறுகிவிடும், லைனருக்கு அடியில் தண்டவாளத்தின் பாதம் அரிக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு கீமேன் எனக்குக் காட்டினார்: லைனரைக் கழற்றி விரலால் தடவினார், பழுப்பு நிறத்தில் இரும்பு ஏடு ஏடாக உதிர்ந்தது. அளந்தபோது அந்த மாதமே மாற்ற வேண்டிய நிலை. அளவெடுக்கும் ரயில் அந்த இடத்தைக் கடந்து போயிருந்தது. அதன் ஏட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது, பாதையின் மட்டமும் அகலமும் கெடவில்லையே.

இவர்கள் ஓடும் பாதையில் வேலை செய்கிறார்கள். இரட்டைப் பாதையில் ஒரு ரயிலுக்கு ஒதுங்கி மறு பாதையில் நின்று அடிபட்டவர்கள் உண்டு. ரயில் வருவதை முன்கூட்டியே சொல்லும் கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். இதில் செலவுக் கணக்குப் பார்க்கக் கூடாது.

பயணம் செய்யும்போது ஓரிடத்தில் வழக்கத்துக்கு மாறாகத் தூக்கிப்போட்டால் நான் என்ன செய்யலாம்?

ஜன்னல் வழியாக மின்கம்பத்தைப் பாருங்கள். அதில் 45/12 என்பது போல எண் இருக்கும்: 45-ஆவது கிலோமீட்டர், 12-ஆவது கம்பம். அதையும் எந்த ரயில், எத்தனை மணி என்பதையும் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள், அல்லது 139-க்கு அழையுங்கள். ஓட்டுநருக்கும் அந்த உலுக்கல் தெரிந்திருக்கும். அவர் அடுத்த நிலையத்தில் சொல்வார், பின்னால் வரும் ரயிலை நிறுத்தி எச்சரித்து மெதுவாக விடுவார்கள். கம்பத்தின் எண் கிடைத்துவிட்டால் எங்கள் ஆட்கள் தேட வேண்டியதில்லை, நேராக அங்கேயே போய் நிற்பார்கள்.